வளைகுடாவின் நண்பகலும் நம்மவர் உயிரும்

2022 ஆம் ஆண்டின் உலகக் கிண்ண உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியைக் கட்டார் நடத்தியபோது, வழக்கமாக ஜூன், ஜூலை மாதங்களில் இடம்பெறும் அப்போட்டிகள் நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மாற்றப்பட்டன. வளைகுடாவின் கோடை வெயிலில் தொண்ணூறு நிமிடங்கள் ஓடி விளையாடுவது வீரர்களுக்கு உகந்ததல்ல என்பதே 2015 இல் எடுக்கப்பட்ட அத்தீர்மானத்துக்குக் கூறப்பட்ட காரணமாகும். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த விளையாட்டரங்குகளையும் அவற்றுக்கான வீதிகளையும் ஹோட்டல்களையும் சுரங்க ரயில் பாதைகளையும் கட்டியெழுப்பியவர்களுக்கு எவரும் பருவத்தை மாற்றிக் கொடுக்கவில்லை. அவர்கள் பத்துக்கும் மேற்பட்ட கோடைகளை அதே வெயிலில் கழித்தனர்.

இப்பொழுது 2034 ஆம் ஆண்டுக்கான போட்டிகள் சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டுள்ளன. 2024 டிசம்பரில் இம்முடிவு உறுதி செய்யப்பட்டது. ஐந்து நகரங்களில் பதினைந்து அரங்குகள் என்பது அந்நாடு முன்வைத்துள்ள திட்டம். 2030 இல் ரியாத் நகரில் நடைபெறவுள்ள உலகக் கண்காட்சிக்கான பணிகள் இதற்குப் புறம்பானவை. இவற்றுக்குத் தேவையான கைகள் எங்கிருந்து வரப்போகின்றன என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 2022 முதல் இலங்கையிலிருந்து ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் புறப்பட்டுச் செல்கின்றனர். அவர்களுள் பெரும்பாலானோரின் இலக்கு மத்திய கிழக்கு. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, புத்தளம், மன்னார் மாவட்டங்களிலும் மலையகத்திலும் இந்தப் பயணத்தோடு தொடர்பற்ற கிராமத்தைக் காண்பது அரிது. ஆகவே, வளைகுடாவின் வேலைத்தளங்களில் பாதுகாப்பு விதிகள் எவ்வாறு நடைமுறையாகின்றன என்ற வினா நமக்கு அந்நிய விவகாரமல்ல.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிக்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளில் விதிகளே இல்லையென்று இங்கு பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவல்ல. சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் திறந்த வெளியில் வேலை வாங்குவது தடை செய்யப்பட்டுள்ளது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அதே மாதங்களில் 12.30 முதல் 3 மணி வரை தடை. மீறும் கம்பனி தொழிலாளி ஒருவருக்கு 5,000 திர்ஹம் வீதம் அபராதம் செலுத்த வேண்டும். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 மணி வரையும், ஓமானில் அதே மாதங்களில் 12.30 முதல் 3.30 வரையும் இத்தகைய தடைகள் உள்ளன. இவ்வளவு வெளிப்படையான நண்பகல் தடை நமது நாட்டுச் சட்டத்தில் இல்லை என்பதையும் இவ்விடத்தில் குறித்துக்கொள்வோம்.

இவ்விதிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதத்துக்கும் மேலாகப் பின்பற்றப்படுவதாக ஐக்கிய அரபு இராச்சியத்தின் அதிகாரிகள் ஆண்டுதோறும் அறிவிக்கின்றனர். அந்த எண்ணிக்கையை நாம் பொய்யென்று கூறமாட்டோம். பரிசோதகர் சென்ற வேளையில் பரிசோதகர் கண்ட நிலை அதுவாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கையின் அருகில் வேறு சில எண்ணிக்கைகளையும் வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

2021 பெப்ரவரியில் பிரித்தானியாவின் 'கார்டியன்' பத்திரிகை, 2010 இல் போட்டிகள் கட்டாருக்கு வழங்கப்பட்டதிலிருந்து பத்தாண்டு காலத்தில் அந்நாட்டில் உயிரிழந்த தெற்காசியத் தொழிலாளர்கள் 6,500 பேருக்கும் அதிகம் எனத் தெரிவித்தது. அவர்களுள் இலங்கையர் 557 பேர். இது எல்லாத் தொழில்களையும் எல்லாக் காரணங்களையும் உள்ளடக்கிய தொகை. இருபது இலட்சம் வெளிநாட்டவர் வாழும் நாட்டில் இது எதிர்பார்க்கத்தக்கதே என்று கட்டார் அரசு பதிலளித்தது. போட்டி ஏற்பாட்டுக் குழுவோ விளையாட்டரங்க வேலைத்தளங்களில் தொழில் காரணமாக நிகழ்ந்த மரணங்கள் மூன்று மட்டுமே எனக் கணக்குக் காட்டியது. பின்னர் 2022 நவம்பரில் அக்குழுவின் தலைமை அதிகாரியே ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் 400 க்கும் 500 க்கும் இடைப்பட்ட தொகையொன்றைக் கூறினார். அது நாடு முழுவதற்குமான எல்லாத் துறைகளின் எண்ணிக்கை என்று மறுநாளே விளக்கமளிக்கப்பட்டது. மூன்றிலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு வரை ஒரே விடயம் பற்றிய எண்ணிக்கைகள் நீண்டு கிடக்கின்றன எனில், இறந்தவர்களை எண்ணும் முறையிலேயே கோளாறு உள்ளது என்பது தெளிவு.

மருத்துவர்களின் ஆய்வொன்று இன்னும் துல்லியமானது. 2009 க்கும் 2017 க்கும் இடையில் கட்டாரில் உயிரிழந்த 1,300 க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளர்களின் மரணங்களை ஆராய்ந்து 2019 இல் வெளியான அவ்வாய்வு, இருதய நோயென்று பதியப்பட்ட 571 மரணங்களுள் 200 வரையானவை வெப்பத்திலிருந்து முறையான பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியவை என்று கூறியது. கோடை மாதங்களில் அம்மரணங்கள் அதிகரித்தன. இறந்தவர்களோ இளைஞர்கள். புறப்படுமுன் மருத்துவப் பரிசோதனையில் தேறிச் சென்றவர்கள்.

நண்பகல் தடை 2007 முதல் கட்டாரில் நடைமுறையில் இருந்துவந்த காலத்திலேயே இவை நிகழ்ந்தன என்பதுதான் நாம் இங்கு கவனத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

இந்த முரண்பாட்டுக்கு வழமையாக ஒரு விளக்கம் தரப்படுவதுண்டு. பாதுகாப்பு விதிகள் மேற்குலகின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. உள்ளூர்ப் பழக்கமோ வேறு. இரண்டும் மோதும்போது பழக்கமே வெல்லும் என்பர். பன்னாட்டுக் கம்பனிகளின் முகாமையாளர்கள் இதனை ஒருவித அனுதாபத்துடன் கூறுவர். ஆசியத் தொழிலாளிக்குத் தலைக்கவசம் பிடிக்காது, பாதுகாப்புப் பட்டியைக் கட்டினால் கை ஓடாது, வெயில் அவனுக்குப் பழகியது என்றவாறாக அது அமையும். இந்த விளக்கத்தை நாம் ஏற்கவில்லை.

நண்பகலில் வேலை செய்வது அரபு நாட்டுப் பழக்கமே அல்ல. ளுஹர் தொழுகையோடு கடைத்தெரு அடங்கி, அஸருக்குப் பின் மீண்டும் உயிர்பெறுவதே அப்பிரதேசத்தின் பழைய வாழ்க்கை முறை. காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்களைக் கட்டி, ஒடுங்கிய சந்துகளில் நிழலைச் சேமித்து வைத்த மக்கள் அவர்கள். நமது வன்னியிலும் அம்பாறையிலும் வயலில் இறங்குவோர் விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் கரையேறுவதும், வெயில் தாழ்ந்த பின் திரும்புவதும் இதே அறிவினால்தான். உச்சி வெயிலில் கொங்கிரீட் கொட்டும் வழக்கம் பாலைவனத்திலிருந்தோ நமது கிராமத்திலிருந்தோ வந்ததல்ல. அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட முடிவுத் திகதியிலிருந்தும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் விதிக்கப்படும் தண்டப்பணத்திலிருந்தும் வந்தது. உள்ளூர்ப் பழக்கம் என்ற பெயரில் பழி சுமத்தப்படுவது அண்மைக்காலத்தில் புகுந்த ஒரு வணிக ஏற்பாட்டின் மீதேயாகும்.

அந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். நண்பகலில் மூன்று மணித்தியாலம் வேலை நிறுத்தப்பட வேண்டும் என்கிறது விதி. அந்த மூன்று மணித்தியாலத்துக்குக் கூலி உண்டா என்று பார்த்தால், அது வேலை நேரமாகக் கணிக்கப்படுவதில்லை. எனவே எட்டு மணித்தியால வேலையை முடிப்பதற்கு வேலைநாள் இரு முனைகளிலும் நீள்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு முன்பே எழுந்து, கேம்பிலிருந்து ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் பயணம் செய்து, ஐந்து மணியளவில் வேலை தொடங்கி, நண்பகலில் நின்று, மூன்று மணிக்குப் பின் மீண்டும் தொடங்கி, இருட்டிய பின் கேம்புக்குத் திரும்புவது பலருடைய கோடைகால நாள். இடைவேளையில் கேம்புக்குச் சென்றுவர நேரம் போதாது. குளிரூட்டிய ஓய்வறை இருக்கும் தளங்கள் உண்டு. இல்லாத இடங்களில் பாதி கட்டிய கட்டடத்தின் நிழலில் கார்ட்போர்ட் மட்டையை விரித்துப் படுப்பதே ஓய்வு. இரவில் கிடைப்பது ஐந்து மணித்தியாலத் தூக்கம். தூக்கம் குறைந்த உடல் மறுநாள் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலும் குறைந்ததாகும். இதனால்தான், இடைவேளையின்றி ஒரேயடியாக வேலையை முடித்துவிட்டுப் போக அனுமதித்தால் போதும் என்று தொழிலாளர்களே கேட்பதுண்டு. அதைக் கேட்கும் முகாமையாளர், பாருங்கள், இவர்களுக்கே விதி பிடிக்கவில்லை என்கிறார். கூலியில்லாத ஓய்வை எவர்தான் விரும்புவர்?

இரண்டாவது குறை, இவ்விதிகளுட் பெரும்பாலானவை மணிக்கூட்டைப் பார்க்கின்றனவேயன்றி வெப்பத்தைப் பார்ப்பதில்லை என்பது. வளைகுடாக் கரையோரத்தில் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் காலையிலும் மாலையிலும் காற்றின் ஈரப்பதன் மிகுந்திருக்கும். வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிரச் செய்யாது. உலர்ந்த காற்றில் 42 பாகை செல்சியஸைத் தாங்கும் ஒருவர், ஈரக் காற்றில் 35 பாகையில் மயங்கி விழக்கூடும். நமது கிழக்குக் கரையில் வாழ்வோருக்கு இது புதிதல்ல. தடை நேரம் முடிந்து மூன்று மணிக்குச் சாரத்தில் ஏறுபவரைச் சட்டம் பாதுகாப்பாக இருப்பதாகக் கருதுகிறது. அவரது உடலோ வேறு கணக்கை வைத்திருக்கிறது.

இவ்விடத்தில் கட்டாருக்கு உரிய பாராட்டை வழங்கத்தான் வேண்டும். 2018 இல் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் அலுவலகம் டோஹாவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கிரேக்கப் பல்கலைக்கழகமொன்றின் ஆய்வாளர்களைக் கொண்டு வேலைத்தளங்களில் தொழிலாளர்களின் உடல் வெப்பம் நேரடியாக அளக்கப்பட்டது. அதன் பயனாக 2021 மே மாதம் வெளியான அமைச்சு ஆணை, தடை நேரத்தைக் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரையாகவும், தடைக் காலத்தை ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரையாகவும் நீட்டியது. அதற்கும் மேலாக, வெப்பம், ஈரப்பதன், வெயிலின் தாக்கம், காற்றோட்டம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் குறியீடு 32.1 பாகையைத் தாண்டினால், மணி எதுவாயினும் வேலை நிறுத்தப்பட வேண்டும் என்றது. வெப்பத்தால் தமக்கு ஆபத்து எனக் கருதும் தொழிலாளி தாமாகவே வேலையை நிறுத்தும் உரிமையையும் அது அளித்தது. விளைவு கண்கூடு. வெப்ப நோய்களுக்காகச் செம்பிறைச் சங்கத்தின் சிகிச்சை நிலையங்களுக்கு வந்த தொழிலாளர்களின் தொகை 2020 கோடையில் 1,520 ஆக இருந்தது. 2021 இல் 620. 2022 இல் 351. விதியைச் சரியாக எழுதினால் உயிர்கள் தப்பும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பழக்கமே வெல்லும் என்போர் இந்த மூன்று எண்களையும் எதிர்கொள்ள வேண்டும்.

எனினும் வேலையை நிறுத்தும் உரிமை என்ற அந்த இறுதி ஏற்பாட்டில்தான் சிக்கல் உள்ளது. அந்த உரிமையை எவர் பயன்படுத்துவார்? முகவருக்கும் உப முகவருக்கும் பணம் கொடுப்பதற்காக மனைவியின் நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் பெற்று, முதல் ஓராண்டுச் சம்பளத்தை அக்கடனுக்கே எழுதிவைத்துவிட்டுச் சென்ற ஒருவர், பிற்பகல் இரண்டு மணிக்குத் தலை சுற்றுகிறது என்று போர்மனிடம் சென்று கூறுவாரா? கூறினால் அன்றைய மேலதிக நேரக் கொடுப்பனவு போகும். மறுநாள் இலகுவான வேலைக்குரிய பெயர்ப்பட்டியலிலிருந்து அவர் நீக்கப்படக்கூடும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது போகவும் கூடும். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வார். ஊரில் அடகுக் கடையின் தவணைத் திகதி அவருக்கு மனப்பாடம்.

கடனும் வெயிலும் ஆபத்தும் இவ்வாறு ஒன்றுகூடுவது வளைகுடாவின் வரலாற்றில் முதற்தடவையும் அல்ல. எண்ணெய் கண்டுபிடிக்கப்படுமுன் அப்பிரதேசத்தின் செல்வம் முத்து. கோடை மாதங்களே முத்துக்குளிக்கும் பருவம். முக்குளிப்போர் படகுத் தலைவனிடம் முற்பணம் பெற்றுக் கடனாளிகளாகவே கடலில் இறங்கினர். தந்தை இறந்தால் கடன் மகனுக்குச் சென்றது. 1920 களில் பஹ்ரேனில் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தங்கள் முக்குளிப்போர் ஒவ்வொருவருக்கும் எழுத்திலான கணக்கு இருக்க வேண்டும் என்றும், கடன் வாரிசுகளைச் சேராது என்றும் விதித்தன. அதே காலப்பகுதியில் அரபு முக்குளிப்போர் நமது மன்னார்க் கரைக்கும் வந்தனர். 1906 இல் மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் அரசாங்க அதிகாரியாகக் கடமையாற்றிய லியனாட் வூல்ஃப் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழரும் சோனகரும் அரபிகளும் ஒரே கடலில் மூழ்கிய களம் அது. இங்கு அவர்களுக்கு முற்பணக் கடனுக்குப் பதிலாகக் கரைசேர்ந்த சிப்பிகளில் மூன்றிலொரு பங்கு அன்றன்றே கையில் கிடைத்தது. எஞ்சிய இரு பங்கை அரசாங்கம் ஏலத்தில் விற்றது. பிரித்தானிய ஆட்சியின் பெருந்தன்மைக்குச் சான்றாக நாம் இதனைக் கூற முன்வரவில்லை. கூலி கொடுக்கும் முறை மாறினால் அதே மனிதர் அதே ஆபத்தின் முன் வேறு விதமாக நடந்துகொள்ள இயலும் என்பதற்காகவே நினைவுபடுத்துகிறோம். அன்று உழைக்க மன்னாருக்கு வந்தவர்களின் நாட்டுக்கு இன்று முசலியிலிருந்து இளைஞர்கள் கடன்பட்டுச் செல்கின்றனர்.

கடனை அகற்ற முடியாது என்பதும் உண்மையல்ல. உலகக் கிண்ணப் பணிகளில் ஈடுபட்ட ஒப்பந்தக்காரர்கள், தொழிலாளர்கள் தமது நாடுகளில் முகவர்களுக்குச் செலுத்திய பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் திட்டமொன்றுக்கு இணங்கினர். பல்லாயிரம் பேர் அதனால் பயனடைந்தனர். ஆனால் விளையாட்டரங்குகளில் வேலை செய்தோர் கட்டாரின் வெளிநாட்டுத் தொழிலாளர் தொகையில் நூற்றுக்கு இரண்டு வீதமளவிலேயே இருந்தனர். கமராக்கள் நோக்கிய அந்த இரண்டு வீதத்துக்கு ஒரு தரம். வீதியமைப்பிலும் கழிவுநீர்க் குழாய் பதிப்பதிலும் ஈடுபட்ட ஏனையோருக்கு வேறு தரம்.

தரங்கள் இவ்வாறு வேறுபடுவதற்கு உப ஒப்பந்த முறையும் காரணமாகும். பெரிய திட்டமொன்றின் முதன்மை ஒப்பந்தக்காரர் ஐரோப்பிய அல்லது கொரியக் கம்பனியாக இருக்கலாம். சொந்த நாட்டில் ஏணி வைப்பதற்கும் எழுத்திலான அனுமதி கேட்கும் கம்பனி அது. அதன் கீழ் ஒரு உப ஒப்பந்தக்காரர். அவருக்குக் கீழ் இன்னொருவர். கடைசியில் ஆட்களை மட்டும் வழங்கும் சிறு கம்பனி. மேலே பாதுகாப்புக் கையேடு. கீழே இறங்க இறங்க இலாபம் சுருங்கி, இறுதிப் படியில் இருப்பவர் மிச்சம் பிடிக்கக்கூடியது தண்ணீரிலும் நிழலிலும் கையுறையிலும்தான். பாதுகாப்பு உத்தியோகத்தர் என்ற பதவியில் நம்மவரும் இந்தியரும் பலர் உள்ளனர். காலையில் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு விளக்கம் நடக்கும். ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ அது கூறப்படும். தமிழ் மட்டும் அறிந்தவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தாளில் ஒப்பமிடுவார். விபத்து நிகழ்ந்தால் அந்த ஒப்பமே, அறிவுறுத்தல் வழங்கப்பட்டது என்பதற்கான ஆதாரமாக முன்வைக்கப்படும். இதுபோன்ற தாள்களால் எவருடைய உயிர் பாதுகாக்கப்படுகிறது என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

இறந்த பின்னர் நடப்பது இதனோடு நெருங்கிய தொடர்புடையது. வளைகுடாவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் வரையான தெற்கு, தென்கிழக்காசியத் தொழிலாளர்கள் உயிரிழப்பதாகவும், அம்மரணங்களுட் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணம் விளக்கப்படவில்லை என்றும் மனித உரிமை அமைப்புகளின் கூட்டறிக்கையொன்று 2022 இல் கூறியது. இயற்கை மரணம், இருதயம் நின்றது, சுவாசம் நின்றது என்றவாறு சான்றிதழில் எழுதப்படுகிறது. இறந்த எவருக்குமே இருதயம் நின்றுதான் இருக்கும். அது ஏன் நின்றது என்பதே கேள்வி. கட்டாரின் தொழிற்சட்டப்படி வேலை காரணமாக இறந்தவரின் வாரிசுகளுக்கு இஸ்லாமிய ஷரீஆவின் அடிப்படையில் இரண்டு இலட்சம் ரியால் நஷ்டஈடு உரியது. இயற்கை மரணம் என்ற இரு சொற்கள் எழுதப்பட்டதும் அந்த உரிமை அற்றுப்போகிறது. வேலைத்தளத்தில் அன்றைய வெப்பநிலை என்ன, அவர் எத்தனை மணித்தியாலம் நின்றார், கேம்பில் இரவில் இறந்தாராயின் பகலில் என்ன வேலை செய்தார் என்பவற்றை எவரும் குறித்து வைப்பதில்லை. பிரேத பரிசோதனைக்கு உறவினர் தயங்குவதையும் நாம் அறிவோம். விரைவில் நல்லடக்கம் செய்ய வேண்டும் என்ற மார்க்கக் கடமை முஸ்லிம் குடும்பங்களுக்கு உண்டு. உடலைச் சிதைக்காது ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற தவிப்பு எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. உடலைத் திறக்காமலே பெறக்கூடிய வேலைத்தளப் பதிவுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் கேட்டுப் பெற எந்த மார்க்கமும் தடையில்லை. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

வீட்டுப் பணிப்பெண்களை இந்த விதிகள் எட்டவே இல்லை. அவர்கள் திறந்த வெளியில் வேலை செய்வதில்லையாதலால் நண்பகல் தடை அவர்களுக்கு இல்லை. பரிசோதகர் தனியார் வீட்டுக்குள் நுழைவதில்லை. குவைத் 2015 இலும், கட்டாரும் ஐக்கிய அரபு இராச்சியமும் 2017 இலும் அவர்களுக்கெனத் தனிச் சட்டங்களை இயற்றின. வாராந்த விடுமுறையும் தினசரி ஓய்வும் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. ஆனால் நோன்பு காலத்தில் ஸஹர் வரை விழித்திருந்து விருந்தினருக்குச் சமைக்கும் பெண்ணின் வேலை நேரத்தை எந்த மணிக்கூடு அளக்கிறது? கட்டாரின் பொதுத் தொழிற்சட்டம் நோன்பு மாதத்தில் வார வேலை நேரத்தை 48 மணித்தியாலத்திலிருந்து 36 ஆகக் குறைக்கிறது. அச்சட்டத்துக்குள் சமையலறை அடங்காது.

வெப்பம் அடையாள அட்டை பார்ப்பதில்லை, நிழல்தான் பார்க்கிறது. 2024 ஹஜ் காலத்தில் மக்காவில் வெப்பம் 50 பாகையைத் தாண்டியபோது 1,301 யாத்திரிகர்கள் உயிரிழந்ததாகச் சவூதி அதிகாரிகள் அறிவித்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் முறையான அனுமதியின்றிச் சென்றவர்கள். ஆதலால் குளிரூட்டப்பட்ட கூடாரங்களும் பஸ்களும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேலைத்தளங்களிலும் நிலைமை இதுவே. விசா காலாவதியாகி, முதலாளியிடமிருந்து வெளியேறி, நாட்கூலிக்கு நிற்பவருக்கு நண்பகல் தடை என்பது வேறொருவருக்காக எழுதப்பட்ட சட்டம். முறைப்பாடு செய்யச் சென்றால் முதலில் கைதாகப் போவது அவரேயாவார்.

இனி நமது பக்கத்தைப் பார்ப்போம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்டது. நாற்பது ஆண்டுகளாக அது பதிவு செய்கிறது, பயிற்சி அளிக்கிறது, காப்புறுதி வழங்குகிறது. நாட்டுக்கு வந்த அனுப்புப் பணத்தின் தொகையை அரசாங்கங்கள் மாதந்தோறும் பெருமையுடன் வெளியிடுகின்றன. 2024 இல் அது ஆறரை பில்லியன் டொலரளவில் இருந்தது. அதே மாத அறிக்கையில் அம்மாதம் பெட்டியில் வந்தவர்கள் எத்தனை பேர், என்ன காரணத்தால் இறந்தனர் என்ற வரியும் சேர்க்கப்படுமாயின் பேச்சுவார்த்தை மேசையில் நமது அதிகாரிகளின் கையில் ஏதாவது இருக்கும். டொலரைத் தேடும் அவசரத்தில் இருக்கும் நாடு நிபந்தனை விதிக்கத் தயங்கும் என்பது நாம் அறியாததல்ல. நாம் கடுமை காட்டினால் அவர்கள் வேறு நாட்டாரை எடுப்பர் என்ற வாதத்தில் உண்மையும் இருக்கிறது. ஆதலால்தான் நேபாளம், பங்களாதேஷ், இந்தியா, பாகிஸ்தான் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே நிபந்தனையை முன்வைக்காமல் இது கைகூடாது.

நமக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் பதில் கூறுவது கடினம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நமது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இல் பிறந்தது. வெயில் கடுமையாகும் மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெளியில் வேலை செய்வோர் அவதானமாக இருக்குமாறு அறிவுறுத்துகிறது. அறிவுறுத்தல் மட்டுமே, வேலையை நிறுத்தும்படி எவரையும் அது கட்டுப்படுத்தாது. மலையகத்தில் குறித்த கிலோ கொழுந்து எடுக்காத பெண்ணுக்கு 'அரைப்பேர்' போடப்படும் வழக்கத்தை நாம் அறிவோம். குளவிக் கூடு இருப்பது தெரிந்தும் அந்த மலையில் ஏறுவது, அரைப்பேருக்கு அஞ்சியே. அவர் கொழுந்து மலையில் கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் அவரது மகன் ஜித்தாவின் சாரத்திலும் பின்பற்றுகிறான். ஆபத்தைச் சொன்னால் கூலி குறையும் என்ற பாடம் அது.

ஆகவே வளைகுடா நாடுகளுடன் செய்யப்படும் அடுத்த புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் மூன்று விடயங்கள் இடம்பெற வேண்டும் என்று நாம் வலியுறுத்துகிறோம். வெப்பத்தின் காரணமாக நிறுத்தப்படும் நேரத்துக்குக் கூலி வெட்டப்படக்கூடாது. மணிக்கூட்டுத் தடைக்கு மேலதிகமாகக் கட்டாரில் உள்ளது போன்ற வெப்ப வரம்பு ஏனைய நாடுகளிலும் இலங்கையரின் ஒப்பந்தங்களுக்குப் பொருந்த வேண்டும். தொழில் காரணமல்ல என்று தொழில் தருநர் நிரூபிக்கும் வரை, ஐம்பது வயதுக்குட்பட்ட தொழிலாளியின் திடீர் மரணம் தொழில் காரணமானதாகவே கருதப்பட வேண்டும். கடைசி விடயத்துக்கு எதிர்ப்பு பலமாக இருக்கும். ஏனெனில் பணம் செலவாகும் இடம் அதுவே.

ஒப்பந்தம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. பணியகத்தின் பயிற்சி நிலையங்களில் புறப்படுவோருக்கு வழங்கப்படும் ஏடுகளோடு, செல்லும் நாட்டின் தடை நேரம், தடைக் காலம், முறைப்பாட்டுக்கான தொலைபேசி இலக்கம், தூதரகத் தொழிற் பிரிவின் இலக்கம் ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளை இணைக்கலாம். அதன் மறுபக்கம் குடும்பத்தாருக்கு. மரணச் செய்தி வந்தால், உடலை அனுப்புவதற்கான பத்திரங்களில் ஒப்பமிடுமுன் தூதரகத்தின் ஊடாகக் கேட்க வேண்டியவை அதில் இருக்க வேண்டும்: இறந்த நாளுக்கு முந்திய ஒரு வாரத்தின் வேலை நேரப் பதிவு, சிகிச்சை பெற்றிருந்தால் அதன் குறிப்புகள், செலுத்தப்படாத சம்பளத்தின் கணக்கு, பொலிஸ் அறிக்கையின் பிரதி. சவூதியில் நண்பகல் தடை ஜூன் 15 இல் ஆரம்பமாகிறது. ஜூன் முதலிரு வாரங்களில் விமானம் ஏறுவோரின் கைகளிலேனும் அந்தத் தாள் இருக்க வேண்டும்.